ஒருவர் கடன், இருவர் வீடு: டாப்-அப் போட்டு அடைக்கலாமா?

கல்யாணமாகி ஏழெட்டு வருடம். இருவருக்கும் வேலை. தாம்பரத்துக்கு அப்பால் ஒரு ஃபிளாட், பத்திரம் இருவர் பெயரிலும், வீட்டுக் கடனும் இருவர் பெயரிலும். ஒருநாள் ராத்திரி சாப்பிட்ட பிறகு கணவர் மெல்ல ஆரம்பிக்கிறார்: "எனக்கு ஒரு பர்சனல் லோன் ஓடுது. கார்டுலயும் கொஞ்சம் நிக்குது. பேங்க்ல கேட்டேன், வீட்டு லோன் மேல டாப்-அப் தர்றாங்களாம். எல்லாத்தையும் அதுல அடைச்சிட்டா மாசம் இருபதாயிரத்துக்கு மேல மிச்சம். நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

சில வீடுகளில் இதே பேச்சை மனைவி தொடங்குவார். யார் தொடங்கினாலும் எதிரே இருப்பவருக்கு வரும் குழப்பம் ஒன்றுதான். வட்டி குறைகிறது என்கிறார்கள், அது உண்மைதான். ஆனாலும் மனம் ஏனோ தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அவநம்பிக்கை என்று நினைத்து அதை அடக்கிவிட வேண்டாம்.

முதலில் டாப்-அப் என்றால் என்ன என்று பார்ப்போம். நீங்கள் ஏற்கெனவே வீட்டைக் காட்டி வாங்கிய கடன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அசலில் கொஞ்சம் கட்டியிருக்கிறீர்கள், வீட்டின் மதிப்பும் ஏறியிருக்கலாம். அந்த இடைவெளிக்குள், அதே பத்திரத்தின் மேல் வங்கி இன்னொரு தொகை தருகிறது. வட்டி பெரும்பாலும் வீட்டுக் கடனைவிடச் சற்று கூடுதல், பர்சனல் லோனைவிட நன்றாகக் குறைவு. வேறு வங்கிக்கு வீட்டுக் கடனை மாற்றும்போதும் இப்படிக் கூடுதல் தொகை சேர்த்து வாங்கலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு உண்டு. வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். வீட்டின் மதிப்பு 60 லட்சம், பாக்கி 35 லட்சம் என்றால், 80 சதவீதமான 48 லட்சம் வரை போகலாம். அதாவது 13 லட்சத்துக்கு இடம் இருக்கிறது. சம்பளத்தையும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணையும் பார்த்து வங்கி இதைவிடக் குறைத்தும் தரலாம். டாப்-அப் கடனில் இந்த வரம்பையும், பணம் எதற்குச் செலவாகிறது என்ற கண்காணிப்பையும் சில நிறுவனங்கள் சரியாகக் கடைப்பிடிப்பதில்லை என்று 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. எளிதாகக் கிடைக்கிறது என்பதை வைத்து, நமக்கு நல்லது என்று முடிவு செய்துவிட முடியாது.

எத்தனை வட்டி?

வங்கிக்காரர்கள் ஆண்டு சதவீதத்தில் பேசுவார்கள். நம் ஊரில் "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்று சொல்வோம், நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்று. அந்தக் கணக்கில் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும்.

9 சதவீத டாப்-அப் என்பது முக்கால் வட்டி. 16 சதவீத பர்சனல் லோன் என்பது ஒன்றேகால் வட்டிக்கும் மேல். கிரெடிட் கார்டில் பாக்கியை நிறுத்திவைத்தால் மாதம் மூன்றரை சதவீதம் என்பது சாதாரணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் நாலு வட்டியைத் தாண்டிவிடும். தெருவில் ஒருவர் நாலு வட்டி கேட்டால் கந்துவட்டி என்று சொல்லி ஒதுங்குவோம். பளபளக்கும் கார்டு கேட்கும்போது அது நமக்கு உறைப்பதில்லை.

அந்தக் கணவரின் கடனுக்கு எண் கொடுத்துப் பார்ப்போம். பர்சனல் லோன் பாக்கி 6 லட்சம், 16 சதவீதம், இன்னும் 3 வருடம், மாதத் தவணை சுமார் 21,100 ரூபாய். கார்டில் 2 லட்சம். அதற்கு மாதம் 10,000 கட்டுகிறார். அதில் வட்டியும் ஜி.எஸ்.டி.யுமாக 8,260 போய்விடும், அசலில் குறைவது 1,740 மட்டும். மொத்தம் மாதம் சுமார் 31,000.

எதையும் மாற்றாமல், கார்டையும் மேலே தேய்க்காமல் இப்படியே கட்டினால் பர்சனல் லோன் 3 வருடத்திலும் கார்டு சுமார் 43 மாதத்திலும் முடியும். வட்டி, வரி எல்லாம் சேர்த்துக் கூடுதலாகப் போவது ஏறக்குறைய 3.9 லட்சம்.

இப்போது இந்த 8 லட்சத்தை 9 சதவீத டாப்-அப்பில் போட்டு, வீட்டுக் கடனோடு சேர்த்து 15 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 8,100 ஆகிவிடும். 31,000 இருந்த இடத்தில் 8,100! அவர் சொன்ன இருபதாயிரத்துக்கு மேல் மிச்சம் இதுதான். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 15 வருடத்தில் கட்டும் வட்டி ஏறக்குறைய 6.6 லட்சம். நாலு வட்டியிலிருந்து முக்கால் வட்டிக்கு இறங்கியும், கூடுதலாக 2.7 லட்சம் கட்டுகிறோம். ஏனென்றால், மூன்று நாலு வருடத்தில் தீர வேண்டிய கடனைப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை இழுத்துவிட்டோம்.

இன்னொரு வழி இருக்கிறது. அதே டாப்-அப்பை வாங்குங்கள், ஆனால் பழையபடி மாதம் 31,000 கட்டுங்கள். சுமார் 29 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். வட்டி 92,000 அளவில் நின்றுவிடும். இதுவும் அதே வங்கி, அதே 9 சதவீதம். 6.6 லட்சத்துக்கும் 92 ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க, மிச்சமாகத் தெரியும் அந்த 23,000 ரூபாயை என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் டாப்-அப் மாறும் வட்டியில் இருந்தால் கூடுதலாகக் கட்ட எந்தத் தடையும் இல்லை. ஆனால் "கையில் இருந்தால் கட்டுவோம்" என்று விட்டால் கட்ட மாட்டோம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, பள்ளிக் கட்டணமும் ஊர் விசேஷமும் மருத்துவச் செலவும் முந்திக்கொள்ளும். ஆகவே வாங்கும்போதே டாப்-அப்பின் காலத்தை 3 அல்லது 4 வருடம் என்று தனியாக வைக்கக் கேளுங்கள். வீட்டுக் கடனுக்கு 15 வருடம் பாக்கி இருப்பதால் டாப்-அப்பும் அத்தனை வருடம் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்காவிட்டால், தவணை சின்னதாகத் தெரியும் நீளமான காலத்தையே பெரும்பாலும் நீட்டுவார்கள்.

நீளமான காலத்தில் இன்னொரு அபாயமும் உண்டு. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. பலருக்குத் தவணை ஏறாமல் காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. 2025-ல் ரெப்போ மறுபடி இறங்கியது. 15 வருடத்தில் இப்படி எத்தனை ஏற்ற இறக்கம் வருமோ! மூன்று வருடக் கடனுக்கு அந்தக் கவலை குறைவு.

ஆரம்பச் செலவையும் கழிக்க வேண்டும். டாப்-அப்புக்குப் பிராசசிங் கட்டணம், சில இடங்களில் வக்கீல் கட்டணமும் மதிப்பீட்டுக் கட்டணமும், வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஈடாகக் கொடுத்ததைச் சொல்லும் பத்திர ஒப்படைப்பு ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் செலவு. பழைய பர்சனல் லோன் நிலையான வட்டியில் இருந்தால் முன்கூட்டி முடிக்கக் கட்டணம் இருக்கலாம். 4 சதவீதம் என்றால் 6 லட்சத்துக்கு 24,000, ஜி.எஸ்.டி.யோடு 28,320 ரூபாய். பர்சனல் லோனில் இன்னும் ஏழெட்டுத் தவணைதான் பாக்கி என்றால் அதைத் தொடவே வேண்டாம். கட்டணமே மிச்சத்தைத் தின்றுவிடும்.

அந்த ஒரு கையெழுத்து

இதுவரை பார்த்தது வட்டிக் கணக்கு. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. இந்த மாற்றத்தில் வட்டி மட்டும் மாறுவதில்லை, கடன்காரரும் மாறுகிறார்.

கணவர் தன் பெயரில் மட்டும் வாங்கிய பர்சனல் லோனுக்கும் கார்டுக்கும், கல்யாணம் ஆனது என்ற ஒரே காரணத்தால் மனைவி பொறுப்பாவதில்லை. ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போட்டிருந்தால்தான் பொறுப்பு. மனைவி வாங்கிய கடனுக்குக் கணவரும் அப்படியே. கணவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் கடன் கொடுத்தவர் வாரிசுகளிடம் கேட்க முடியும். மனைவியின் சொந்தச் சம்பளத்துக்கும் சொந்தச் சொத்துக்கும் அந்தக் கடன் வராது. வசூலுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று "நீங்கதாம்மா கட்டணும்" என்று மிரட்டுவார்கள். மிரட்டலால் சட்டப் பொறுப்பு வந்துவிடாது.

அதே கடன் கூட்டு வீட்டுக் கடனுக்குள் போன மறுநாள் இந்தப் பாதுகாப்பு எல்லாம் போய்விடும். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனில் ஆளுக்குப் பாதி என்று கிடையாது. முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு. "அவர் செலவு பண்ணது, நான் பண்ணல" என்பது வங்கிக்குச் செல்லாது. நீங்கள் கட்டிய பிறகு அவரிடம் பங்கு கேட்கலாம், ஆனால் அது உங்கள் இருவருக்குள் நடக்கும் தனிச் சண்டை.

பிரிவு என்று வந்தால் இது இன்னும் கடினம். விவாகரத்து உடன்பாட்டில் "இந்தக் கடனைக் கணவர் கட்டுவார்" என்று எழுதிக்கொண்டாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. வங்கி சம்மதித்து உங்கள் பெயரை எடுத்தால்தான் நீங்கள் வெளியே வரலாம். ஒரு சம்பளத்தை மட்டும் நம்பிக் கடனைத் தொடர வங்கிகள் அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை. அவர் ஒரு தவணை தவறினால் உங்கள் சிபிலிலும் அது விழும்.

அடுத்தது வீடு. பர்சனல் லோனுக்கு ஈடு எதுவும் இல்லை. கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும், பிறகுதான் கடனாளியின் சொத்தை ஜப்தி செய்யக் கேட்க முடியும். அதுவும் கஷ்டமான பாதைதான், வீட்டில் அவருடைய பங்குக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வழியில் நாள் கிடைக்கும், பேசித் தீர்க்க இடம் கிடைக்கும். வீட்டை ஈடு வைத்த கடனுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் இருக்கிறது. 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் அவகாசத்தோடு ஒரு நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அதை எதிர்க்க 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் அது இருக்கிறது. டாப்-அப் தனிக் கணக்கு எண்ணில் ஓடினாலும் ஈடு அதே வீடுதான்.

கார்டில் வாங்கிய செல்போனுக்கும், நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்துத் திரும்பாத பணத்துக்கும் இப்போது நீங்கள் படுத்துத் தூங்கும் அறை ஈடாக நிற்கிறது. இதைத் தெரிந்து சம்மதித்தால் சரி. தெரியாமல் கையெழுத்துப் போட்டால் அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும்.

பத்திரத்தில் பெயர் இல்லாமல், சம்பளத்துக்காக மட்டும் கடனில் கோ-அப்ளிகண்டாகச் சேர்க்கப்பட்ட மனைவிகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வீடு கணவர் அல்லது மாமனார் பெயரில், கடன் மட்டும் இவர் பெயரிலும். அந்த நிலையில் டாப்-அப்புக்கும் கையெழுத்துப் போட்டால், தான் வாங்காத கடனுக்கும் தனக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கும் சேர்த்து அவர் பொறுப்பேற்கிறார். முதலில் பத்திரத்தில் பங்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எப்போது சரி, எப்போது வேண்டாம்

என் அபிப்பிராயம் இது. கார்டு பாக்கியை எப்படியாவது நாலு வட்டியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அதில் இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் அதற்கு முதல் வழி வீடாக இருக்க வேண்டியதில்லை. அவரிடம் நிரந்தர வைப்புத்தொகை இருந்தால் அதை உடைக்கலாம், அல்லது அதன்மேல் கடன் வாங்கலாம். எல்.ஐ.சி. பாலிசி மேல் கடன் கிடைக்கும். பீரோவில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வைக்கலாம். அதிலும் வட்டி கார்டைவிடப் பல மடங்கு குறைவு, மீட்க முடியாமல் போனாலும் போவது நகைதான், வீடு இல்லை. ஆனால் மனைவியின் நகை என்றால் அங்கேயும் அதே கேள்வி வரும்: யாருடைய கடன், யாருடைய பொருள்? கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியைத் தவணையாக மாற்றித் தரக் கேட்பது இன்னொரு வழி. இவை எதுவும் போதாது, தொகை பெரியது, இருவர் வேலையும் நிலையானது என்றால் டாப்-அப்பை யோசிக்கலாம்.

கடன் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஒருமுறை வாங்கிய கடன் என்றால், அது முடிந்த கதை. அதை மலிவான வட்டிக்கு மாற்றினால் சுமை குறையும். மாதா மாதம் செலவு சம்பளத்தைத் தாண்டுவதால் சேர்ந்த கடன் என்றால் டாப்-அப் அதைத் தீர்க்காது. கார்டு காலியானதும் மறுபடி நிரம்பும். அடுத்த வருடம் டாப்-அப்பும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். ஆன்லைன் சூதாட்டமோ, பங்குச் சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம்போல் ஆடும் எஃப் அண்ட் ஓ வர்த்தகமோ காரணம் என்றால் என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். முதலில் அந்தப் பழக்கத்துக்கு உதவி தேட வேண்டும், வீடு அதற்குள் இழுக்கப்படாமல் தனியாக நிற்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் இருவருடைய முழுக் கடன் அறிக்கையையும் எடுத்து மேசையில் வையுங்கள். சிபில் உள்ளிட்ட ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். "கொஞ்சம்தான்" என்று வாயால் சொன்னதற்கும் அறிக்கையில் இருப்பதற்கும் சில சமயம் தூரம் இருக்கும். சொல்லக் கூச்சப்பட்டு ஒரு கடனை மறைத்திருப்பார். அது அன்றைக்கே தெரிந்துவிடுவது நல்லது, கோபப்பட்டாலும் சேர்ந்து யோசிக்கலாம். நண்பர்களிடம் வாங்கிய கைமாற்றும் சீட்டுப் பணமும் இதில் வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

காப்பீட்டையும் ஒருமுறை பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கியபோது எடுத்த பாலிசி அந்தத் தொகைக்குத்தான். டாப்-அப் தானாக அதில் சேராது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த 8 லட்சம் முழுக்க உங்கள் தலையில் நிற்கும் என்பதால், அந்த அளவுக்காவது, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒன்று அவர் பெயரில் வேண்டும். வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீடு வாங்க, கட்ட, பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்குத்தான் அந்தச் சலுகை. கார்டு பாக்கியை அடைத்ததற்குக் கிடையாது.

சரி, எல்லாம் யோசித்துச் சேர்ந்தே செய்வது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், டாப்-அப் பணத்தைக் கணக்கில் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம். வந்த அன்றே பர்சனல் லோனையும் கார்டையும் அடையுங்கள். பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். கார்டை மூடிவிடுங்கள், அல்லது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வரம்பை ஒரு மாத மளிகைச் செலவு அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். டாப்-அப் தவணை அவர் சம்பளக் கணக்கிலிருந்தே போகட்டும். வீட்டுக் கடன் தவணை எப்போதும்போல் போகட்டும்.

கடைசித் தவணை முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது, பலர் மறந்துவிடுவது. வீட்டுக் கடனும் டாப்-அப்பும் முழுக்க அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு, 2023 டிசம்பரிலிருந்து இது விதி. பத்திரத்தை வாங்கிய கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தையும் பதிந்துவிடுங்கள். அதன்பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டு, வீட்டுக் கடனோடு டாப்-அப்புக்குப் பதிந்த ஒப்படைப்பும் ரத்தானதாக அதில் வந்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.